ஒரே கேள்வியோடு நான்கு நகரங்கள்: இத்தாலியில் படிக்கும் மாணவருக்கான பயணக் கையேடு

ஐரோப்பாவில் ஒரு செமஸ்டர் கிடைத்ததும் பெரும்பாலானோர் போடும் முதல் திட்டம் பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், ப்ராக், வியன்னா, ரோம் என்று பத்து நாளில் ஐந்தாறு நகரங்கள். சுற்றுலாவுக்கு அது சரி. வரலாறு, கலை, கட்டடக்கலை, பண்பாட்டியல் படிக்கப் போனவருக்கு அது வீண் செலவு. நகரத்துக்கு நகரம் பெட்டியைத் தூக்கி அலைவதிலேயே பாதி நாள் போய்விடும். மீதி நேரத்தில் எல்லோரும் எடுத்த படத்தை நாமும் எடுத்துவிட்டுத் திரும்புவோம்.

இத்தாலியப் பல்கலைக்கழகம் ஒன்றில் படிப்பவர், அல்லது பரிமாற்றத் திட்டத்தில் அங்கே வந்திருப்பவர், பன்னிரண்டு இரவுகளில் செய்யக்கூடிய பயணம் இது. ரோம், ஃப்ளாரன்ஸ், போலோன்யா, வெனிஸ் ஆகிய நான்கும் ஒரே அதிவேக ரயில் பாதையில் தெற்கிலிருந்து வடக்காக வரிசையாக இருக்கின்றன. ஃப்ளாரன்ஸிலிருந்து சியென்னாவுக்கும் போலோன்யாவிலிருந்து ரவென்னாவுக்கும் ஒரு நாள் போய்த் திரும்பலாம். தங்கும் இடம் நான்கு முறைதான் மாறும்.

கேள்வியை முதலில் முடிவு செய்யுங்கள்

"மறுமலர்ச்சிக் கலை பார்க்கப் போகிறேன்" என்பது கேள்வி ஆகாது. ஆறு ஊரிலும் தெருவில் நின்றபடியே, நுழைவுச்சீட்டு வாங்காமலே, கொஞ்சமாவது விடை கிடைக்கக்கூடிய கேள்வியாக இருக்க வேண்டும். ஊருக்குத் தண்ணீர் எப்படி வந்தது, சந்தை எங்கே கூடியது, செத்தவர்களை எங்கே புதைத்தார்கள் என எதையும் எடுத்துக்கொள்ளலாம். இங்கே எடுத்துக்கொண்டிருப்பது: பழைய கட்டடம் புதியவர் கைக்கு வந்தபோது அதை என்ன செய்தார்கள்? இடித்தார்களா, பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார்களா, மேலேயே கட்டினார்களா, வேறு வேலைக்குப் பயன்படுத்தினார்களா? இத்தாலிய நகரங்களில் இந்த நான்குக்கும் சான்று கண்ணெதிரே இருக்கிறது.

காகித வேலைகள்

நீண்டகாலப் படிப்புக்கான டி வகை விசாவில் இத்தாலிக்குள் வந்தவர் எட்டு வேலை நாட்களுக்குள் வசிப்பு அனுமதிக்கு, அதாவது 'பெர்மெஸ்ஸோ'வுக்கு, விண்ணப்பிக்க வேண்டும். தபால் நிலையத்தில் அதற்கான உறையை வாங்கி நிரப்பி, 16 யூரோ வருவாய் முத்திரையுடன் கொடுத்தால் ஒரு ரசீதும், போலீஸ் அலுவலகமான 'குவெஸ்தூரா'வுக்கு வரவேண்டிய தேதியும் கிடைக்கும். அந்தத் தேதியைத் தவறவிட்டால் மறு தேதி வாங்குவது பெரும்பாடு. ஆகவே பயண நாட்களைக் குறிக்குமுன் அதைப் பாருங்கள்.

விசாக் காலம் முடிந்து, அட்டை இன்னும் வராமல், ரசீது மட்டும் கையில் இருக்கும் நிலையில் மற்ற ஷெங்கன் நாடுகளுக்கு (தங்களுக்குள் எல்லைச் சோதனை வைக்காத ஐரோப்பிய நாடுகளுக்கு) போகக்கூடாது. இத்தாலிக்குள் சுற்றத் தடையில்லை. இந்தப் பயணத்தை ஒரே நாட்டுக்குள் வைத்ததற்கு இதுவும் காரணம்.

அடுத்தது பெயர். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருப்பது தமிழ் மாணவர்களிடம் அடிக்கடி காணப்படுவது. கொலோசியம் சீட்டு, ஃப்ளாரன்ஸ் குவிமாடச் சீட்டு, அதிவேக ரயில் சீட்டு எல்லாம் பெயரோடு வருபவை. இரண்டு கட்டங்களையும் நிரப்பச் சொல்லும். விசாவிலும் வரி எண்ணிலும் உங்கள் பெயர் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறதோ, அதே பிரிப்பை எல்லா இடத்திலும் போடுங்கள். ஓரிடத்தில் தந்தை பெயர், இன்னோரிடத்தில் முதலெழுத்து என்று மாற்றினால் வாசலில் நின்று விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

இலவச நுழைவு யாருக்கு?

இடம் யாருடையது என்பதைப் பொறுத்தே சலுகை. இது புரியாமல்தான் பலர் காசை விடுகிறார்கள்.

ரோமின் கொலோசியம், பலாட்சோ மாஸ்ஸிமோ அருங்காட்சியகம், ஃப்ளாரன்ஸின் உஃபீட்சி, அக்காடெமியா கலைக்கூடங்கள், போலோன்யாவின் பினகோதேகா ஓவியக்கூடம் ஆகியவை அரசுடையவை. 18 முதல் 25 வயது வரை 2 யூரோ என்ற சலுகை ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கானது. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டை நீட்டி அதை எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் ஐரோப்பிய ஒன்றியப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை, தொல்லியல், கலை வரலாறு, பண்பாட்டு மரபுப் பாதுகாப்பு போன்ற துறைகளில் படிப்பவர்களுக்கு, எந்த நாட்டவரானாலும், அரசு அருங்காட்சியகங்களில் நுழைவு இலவசம். மாணவர் அட்டை மட்டும் போதாது. நடப்புக் கல்வியாண்டும் துறையின் பெயரும் இத்தாலிய மொழியில் உள்ள சேர்க்கைச் சான்றிதழைத் துறை அலுவலகத்தில் கேட்டு வாங்கி, நான்கு படிகள் அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசித் திரையில் காட்டினால் சில வாசல்களில் ஏற்பதில்லை.

வாத்திகன் அருங்காட்சியகம், ஃப்ளாரன்ஸ் பேராலயம், ரவென்னாவின் சான் வித்தாலே ஆலயம், வெனிஸின் சான் மார்கோ ஆலயம் ஆகியவை திருச்சபையைச் சேர்ந்தவை. சியென்னாவின் நகர மண்டபமான பலாட்சோ பூப்ளிக்கோ, வெனிஸை ஆண்ட தலைவரின் தோஜே அரண்மனை ஆகியவை நகராட்சியுடையவை. இங்கெல்லாம் அந்தச் சான்றிதழ் செல்லாது. மாணவர் கட்டணம் தனியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

மாதத்தின் முதல் ஞாயிறு அரசு அருங்காட்சியகங்கள் அனைவருக்கும் இலவசம். அன்று கொலோசியத்துக்கோ உஃபீட்சிக்கோ போவது மடத்தனம்; வரிசையிலேயே நாள் போகும். பலாட்சோ மாஸ்ஸிமோ போன்ற, கூட்டம் குறைந்த இடத்துக்கு அந்த நாளை வையுங்கள்.

நாள்காட்டியைப் பொருத்துவது

உஃபீட்சியும் அக்காடெமியாவும் திங்கட்கிழமை மூடல். வாத்திகன் அருங்காட்சியகம், மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் மூடல். தேவாலயங்கள் பல நண்பகல் சுமார் 12:30க்குச் சாத்தி 3 அல்லது 3:30க்குத் திறக்கும். ஞாயிறு காலை வழிபாட்டு நேரத்தில் பார்வையாளர்களை விடமாட்டார்கள். இந்த மூன்றையும் வைத்துப் பார்த்தால் வெள்ளி இரவு ரோம் சேர்வது நன்றாகப் பொருந்துகிறது. வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள் நான்கு இரவு ரோம், செவ்வாயிலிருந்து நான்கு இரவு ஃப்ளாரன்ஸ், அதில் வெள்ளியன்று சியென்னா, சனி, ஞாயிறு போலோன்யா, ஞாயிறன்று ரவென்னா, திங்கள், செவ்வாய் வெனிஸ், புதன் திரும்பலாம். திங்கட்கிழமை ரோமில் விழுவதால் பழைய ரோமின் பொதுச் சதுக்கமான, திறந்தவெளி ஃபோரத்துக்கு அதை வைத்துக்கொள்ளலாம்.

மாதங்களில் நவம்பர் நல்லது. கூட்டமும் விடுதி வாடகையும் குறைவு. பிப்ரவரியில் வெனிஸ் கார்னிவல் நாட்களைத் தவிருங்கள். ஆகஸ்ட் 15 விடுமுறையை ஒட்டிய வாரத்தில் வெயிலும் பூட்டிய கடைகளும்தான் மிஞ்சும்.

கொலோசியம் சீட்டுகள் ஏறத்தாழ ஒரு மாதம் முன்புதான் விற்பனைக்கு வரும். அதிகாரபூர்வ தளத்தில் தீர்ந்துவிட்டால் இடைத்தரகர் தளங்களில் இரட்டை விலைக்கு இருக்கும். அதை வாங்குவதைவிட ஃபோரத்தை மட்டும் பார்ப்பது மேல். நம் கேள்விக்கு அங்கேதான் சரக்கு அதிகம்.

ரோம்: மேலே மேலே கட்டிய ஊர்

சான் க்ளெமென்தே தேவாலயத்தில் தொடங்குங்கள். கொலோசியத்திலிருந்து சில நிமிட நடை. தெருமட்டத்தில் இருப்பது 12ஆம் நூற்றாண்டுக் கட்டடம். சீட்டு வாங்கிப் படியிறங்கினால் 4ஆம் நூற்றாண்டுத் தேவாலயம். இன்னும் இறங்கினால் முதல் நூற்றாண்டு ரோமானியக் கட்டடமும் அதற்குள் மித்ரா என்ற தெய்வத்தின் வழிபாட்டு அறையும். அடியில் நீர் ஓடும் சத்தம்கூடக் கேட்கும். ஒவ்வொரு தளத்திலும் எத்தனை படி இறங்கினோம் என்று எண்ணிக் குறுக்குவெட்டுப் படம் ஒன்றை அங்கேயே வரைந்துவிடுங்கள். நிலத்தின் மட்டம் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்பதற்கு அதுதான் உங்கள் அளவுகோல். கீழே ஈரமும் குளிரும் இருக்கும், மேலங்கி எடுத்துக்கொள்ளுங்கள்.

ஃபோரத்தில் அந்தோனைனஸ், ஃபௌஸ்தினா கோயிலின் தூண்களுக்குப் பின்னால் ஒரு தேவாலயத்தின் கதவு அந்தரத்தில் தொங்குகிறது. மண் மேடிட்டிருந்த காலத்தில் அந்தக் கதவு தரைமட்டத்தில் இருந்தது. பிற்காலத்தில் அகழ்ந்தபோது தரை கீழே போனது, கதவு மேலேயே நின்றுவிட்டது. அருகே மக்சென்டியஸ் பசிலிக்கா என்ற பெரிய மண்டபத்துக்கு அடியில் பேரரசர் டொமிஷியன் கட்டிய மிளகுக் கிடங்கு இருந்தது. முசிறியில் கப்பலேறிய மிளகு வந்து சேர்ந்த முகவரி அதுதான். தமிழ் மாணவர் யாராக இருந்தாலும் அங்கே ஐந்து நிமிடம் கூடுதலாக நிற்பார்.

கான்ஸ்டன்டைன் வளைவு பெயர்த்து எடுத்ததற்குச் சான்று. முந்தைய பேரரசர்களான ட்ராஜன், ஹேட்ரியன், மார்க்கஸ் ஔரேலியஸ் ஆகியோரின் நினைவுச் சின்னங்களிலிருந்து எடுத்த சிற்பங்களை ஒட்டுப்போட்டுக் கட்டியது. வட்டப் பலகைகளையும் அவற்றின் கீழே நீளவாக்கில் ஓடும் பட்டையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். உளியின் தரம் வேறுபடுவது தெரியும். ரோமானியக் கோயிலான பாந்தியன் தப்பியதற்குக் காரணம் 609இல் அது தேவாலயமாக மாறியது. ஆனாலும் அதன் முகமண்டப வெண்கலத்தை 17ஆம் நூற்றாண்டில் ஒரு போப்பே கழற்றினார். மாலையில் நவோனா சதுக்கத்தை ஒரு சுற்று நடந்தால், அதன் நீள்வடிவம் டொமிஷியனின் ஓட்டப்பந்தய அரங்கின் வடிவம் என்பது காலுக்கே தெரியும்.

ஃப்ளாரன்ஸும் சியென்னாவும்

ஃப்ளாரன்ஸில் எல்லோரும் வரிசையில் நிற்பது டேவிட் சிலைக்கு. நீங்கள் முதலில் ஓர்சான்மிக்கேலே பாருங்கள். 1337இல் தானியச் சந்தையாகக் கட்டத் தொடங்கி, அந்த நூற்றாண்டிலேயே தேவாலயமான கட்டடம் அது. மேல்மாடிக் கிடங்கிலிருந்து தானியத்தைக் கீழே இறக்கிய துளை தூணுக்குள் இன்றும் இருக்கிறது. பிறகு சாந்தா க்ரோச்சே பக்கம் வியா தோர்த்தா, வியா பெந்தக்கோர்தி தெருக்களில் நடங்கள். நேர்க்கோட்டுத் தெருக்களுக்கு நடுவே இவை மட்டும் வளைந்து போகின்றன. ரோமானிய வட்டரங்கின் சுவர்மேல் வீடுகள் எழுந்ததால் வந்த வளைவு. வரைபடச் செயலியில் அதன் வான்படத்தைச் சேமித்து வைத்து, நடந்துகொண்டே பொருத்திப் பாருங்கள்.

ஃப்ளாரன்ஸ் பேராலயத்தின்மேல் கட்டடக் கலைஞர் புரூனெல்லெஸ்கி எழுப்பிய குவிமாடம் 1420இல் தொடங்கி 1436இல் முடிந்தது. ஏற 463 படிகள், மின்தூக்கி இல்லை, நேரம் குறித்த சீட்டு இல்லாமல் விடமாட்டார்கள், பெரிய பைக்கு அனுமதி இல்லை. இரட்டை ஓடுகளுக்கு இடையிலேயே படி ஏறுவதால் செங்கல் அடுக்கிய முறையைக் கைக்கெட்டும் தொலைவில் பார்க்கலாம். மூச்சுத்திணறல், அடைத்த இடத்தில் பயம் உள்ளவர்கள் ஏற வேண்டாம். பாதியில் திரும்ப வழி கிடைப்பது கடினம். 1966 நவம்பர் 4 வெள்ளத்தின் மட்டத்தைக் குறித்த கற்பலகைகள் நகரமெங்கும் சுவர்களில் இருக்கின்றன. தலைக்கு மேலே தேடுங்கள்.

சியென்னாவுக்கு ரயிலைவிட விரைவுப் பேருந்து மேல். ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம். பழைய நகரின் ஓரத்திலேயே இறக்கிவிடும். ரயில் நிலையம் மலையடியில் இருக்கிறது. அங்கே பார்க்க வேண்டியது முடிக்கப்படாத பேராலயம். உலகின் பெரிய ஆலயங்களில் ஒன்றாக்கும் ஆசையில் 1339இல் விரிவாக்கத் தொடங்கினார்கள், 1348இல் கொள்ளைநோய் வந்தது, வேலை நின்றது. எழுப்பிய சுவர்கள் நிற்க, ஆலய நடுக்கூடமாக வந்திருக்க வேண்டிய இடம் இன்று திறந்த சதுக்கம், வண்டிகள்கூட நிற்கின்றன.

போலோன்யா, ரவென்னா

போலோன்யாவை வழியில் ரயில் மாறும் ஊராகக் கருதுவது பெரிய தவறு. வீட்டுக்கு முன்னால் தூண் வைத்த நடைபாதை கட்டியே ஆக வேண்டும் என்று 1288இல் சட்டம் போட்ட ஊர் அது. இடம் வீட்டுக்காரருடையது, நடக்கும் உரிமை ஊருக்கு. உயரம் குறைந்தது 2.66 மீட்டர், குதிரைமேல் போகிறவர் தலை இடிக்காத அளவு. ஸ்ட்ராதா மஜ்ஜோரேயில் காசா இசொலானியின் மரத்தூண்கள் இன்றும் நிற்கின்றன. மழை நாளுக்கு இதைவிட நல்ல ஊர் இல்லை. பழைய பங்குச் சந்தையில் இயங்கும் சாலாபோர்சா நூலகத்தின் கண்ணாடித் தரைக்குக் கீழே ரோமானிய அடித்தளம் தெரியும். சாய்ந்த கோபுரங்கள் இரண்டும் 2023 இலையுதிர்காலத்தில் பாதுகாப்புக்காக மூடப்பட்டன. ஏறும் திட்டம் போடாதீர்கள்.

இந்தப் பயணத்தில் ஒரே ஒரு நாள்தான் கிடைக்கும் என்றால் அது ரவென்னாவுக்குப் போகட்டும். போலோன்யாவிலிருந்து பிராந்திய ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். சாந்தப்போல்லினாரே நுவோவோ ஆலயத்தில் தெற்குச் சுவரில் கோத் மன்னர் தியோடோரிக்கின் அரண்மனை மொசைக்காக, அதாவது வண்ணச் சில்லுகள் பதித்த படமாக, இருக்கிறது. அவர் காலத்துக்குப் பிறகு 540இல் பைசாந்தியர் (கிழக்கு ரோமப் பேரரசினர்) கைக்கு ஊர் வந்த பின்னர் அங்கிருந்த மனித உருவங்களைப் பெயர்த்துவிட்டுத் திரைச்சீலைகளை ஒட்டினார்கள். தூண்களின்மேல் விழுந்திருந்த கைகளை மட்டும் எடுக்கவில்லை. உடம்பு இல்லாத கைகள் தூண்களில் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கண் எட்டாத உயரம். எட்டு மடங்கு பெருக்கும் சிறிய இருகண் நோக்கி இல்லாமல் போகாதீர்கள். ஆறு ஊரிலும் பயன்படும் கருவி அது.

547இல் அர்ப்பணிக்கப்பட்ட சான் வித்தாலேயில் பைசாந்தியப் பேரரசர் ஜஸ்டினியனின் மொசைக் ஒருபுறம், பேரரசி தியோடோராவின் மொசைக் எதிர்ப்புறம். இருவரும் ரவென்னாவுக்கு வந்ததே இல்லை. வந்து ஆள்வதற்குப் பதிலாகப் படத்தை ஒட்டி ஆண்டார்கள். ரோமப் பேரரசி காலா பிளாசிடியாவின் பெயர் தாங்கிய சமாதிக்குள் சில நிமிடங்களே அனுமதி, நேரமும் முன்பதிவு செய்ய வேண்டும். அலபாஸ்டர் பலகை போட்ட ஜன்னல் என்பதால் உள்ளே மங்கலாக இருக்கும். முதல் நிமிடம் கண்ணைப் பழக விடுங்கள், படம் எடுப்பதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

குறிப்பு எடுக்கும் முறை

ஒவ்வொரு இடத்துக்கும் நான்கு வரி போதும்:

1. இங்கே கண்ணுக்குத் தெரியும் மிகப் பழைய பகுதி எது?
2. யார், எப்போது மாற்றினார்கள்?
3. மாற்றம் எங்கே தெரிகிறது: இணைப்புக் கோடு, கல்லின் நிறம், பொருந்தாத தூண் தலை?
4. இது நான் கண்டதா, பலகையில் படித்ததா?

நான்காவது வரியைப் பலர் விட்டுவிடுவார்கள். ஊர் திரும்பிக் கட்டுரை எழுதும்போது எது சொந்தக் கவனிப்பு, எது எவரோ சொன்னது என்று பிரிக்க முடியாமல் திணறுவது அதனால்தான்.

படம் எடுக்கும்போது முழுக் கட்டடம், பகுதி, நுணுக்கம், பெயர்ப்பலகை என்ற வரிசையை மாற்றாதீர்கள். பலகையே அந்தத் தொகுதியின் முடிவைக் காட்டும். அரசு அருங்காட்சியகங்களில் ஃப்ளாஷும் முக்காலியும் இல்லாமல் படிப்புக்காகப் படம் எடுக்கலாம். சிஸ்டைன் சேப்பலில் கூடாது. இருண்ட சிற்றாலயங்களில் காசு போட்டால் எரியும் விளக்குப் பெட்டி இருக்கும். ரோமில் சான் லூயிஜி தெய் ஃபிரான்செசியின் கரவாஜ்ஜோ ஓவியங்களை அந்த வெளிச்சத்தில்தான் சரியாகப் பார்க்க முடியும். சில்லறை நாணயம் வைத்திருங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை எல்லா ஆலயத்துக்கும் வேண்டும்.

ரயில், மூட்டை, சாப்பாடு

அதிவேக ரயிலில் ரோமிலிருந்து ஃப்ளாரன்ஸ் சுமார் ஒன்றரை மணி, அங்கிருந்து போலோன்யா நாற்பது நிமிடத்துக்குள், பிறகு வெனிஸ் ஒன்றரை மணி. இதன் விலை நாளாக ஆக ஏறும். தேதி உறுதியானதும் வாங்குங்கள். மலிவான சீட்டைப் பெரும்பாலும் மாற்ற முடியாது. பிராந்திய ரயிலின் விலை என்றும் ஒன்றுதான், முன்கூட்டி வாங்கும் அவசரம் இல்லை. ஆனால் காகிதச் சீட்டை ஏறுமுன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரையிட வேண்டும். கைப்பேசிச் சீட்டில் செக்-இன் செய்ய வேண்டும். மறந்தால் அபராதம், மாணவர் என்று கெஞ்சினாலும் விடமாட்டார்கள். பல ஐரோப்பிய ரயில்களில் செல்லும் இன்டர்ரெயில் பாஸ் இந்தப் பாதைக்கு லாபம் இல்லை. அதிவேக ரயிலில் இருக்கைக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும்.

இறங்கும் நிலையத்தின் முழுப் பெயரைப் பாருங்கள்: ரோமில் தெர்மினி, ஃப்ளாரன்ஸில் சாந்தா மரியா நொவெல்லா, வெனிஸில் சாந்தா லூச்சியா. போலோன்யாவில் அதிவேக நடைமேடைகள் ஆழமான சுரங்கத்தில் இருக்கின்றன. மேலேயிருந்து போய்ச் சேரப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். 'ஷோப்பெரோ' எனப்படும் வேலைநிறுத்தம் முன்கூட்டியே அறிவிக்கப்படும். வேலை நாட்களில் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9 வரை உறுதி செய்யப்பட்ட பிராந்திய ரயில்கள் ஓடும்.

சக்கரப் பெட்டி வேண்டாம். ரோமின் கருங்கல் பாவிய தெருவில் சக்கரம் உடைந்துபோகும். வெனிஸில் பாலத்துக்குப் பாலம் தூக்க வேண்டும். எட்டுக் கிலோவுக்குள் முதுகுப்பை போதும்.

சைவம் உண்பவர்களுக்கு எச்சரிக்கை: காய்கறி சூப்பில் பன்றிக் கொழுப்போ இறைச்சிச் சாறோ இருக்கலாம்; கேட்டுவிடுங்கள். பர்மிஜானோ பாலாடைக்கட்டியில் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருள் உண்டு. கடலைமாவில் சுட்ட 'செச்சீனா', தக்காளியும் ரொட்டியும் சேர்ந்த 'பாப்பா அல் பொமோதோரோ' தஸ்கனியில் கைகொடுக்கும். காபியை நின்றபடி குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் வேறு விலை. உணவகத்தில் 'கொப்பெர்த்தோ' என்று தலைக்கு ஒன்றிரண்டு யூரோ சேர்ப்பது ஏமாற்று இல்லை, வழக்கம்.

வெனிஸ்

வெனிஸின் நிலப்பக்கப் பகுதியான மெஸ்த்ரேயில் தங்கினால் மலிவு. ரயிலில் பத்துப் பன்னிரண்டு நிமிடம். சில நாட்களில் பகல் பயணிகளுக்கு நுழைவுக் கட்டணம் உண்டு. நகராட்சி எல்லைக்குள் இரவு தங்குபவருக்கு, மெஸ்த்ரே உட்பட, விலக்கு. ஆனால் அந்த விலக்கையும் இணையத்தில் பதிந்து குறியீட்டை வைத்திருக்க வேண்டும். 29 வயதுக்குட்பட்டவர் ரோலிங் வெனிஸ் அட்டை வாங்கினால் மூன்று நாள் படகுச் சீட்டு குறைந்த விலையில் கிடைக்கும். நவம்பரில் கடல்மட்ட முன்னறிவிப்பைக் காலையில் பாருங்கள். 2020 முதல் மோசே எனப்படும், தேவைப்படும்போது எழும் கடல் தடுப்புகள் பெரிய அலையேற்றத்தைத் தடுக்கின்றன. சான் மார்கோ சதுக்கம் தாழ்வானது என்பதால் தடுப்பு எழாத நாளிலும் அங்கே தண்ணீர் தேங்கலாம்.

கேள்விக்கு இங்கே விடை, கொள்ளை. சான் மார்கோவின் முகப்புக் குதிரைகள் 1204இல் கான்ஸ்டான்டினோபிளிலிருந்து கொண்டுவந்தவை; 1797இல் நெப்போலியன் பாரிசுக்கு எடுத்துப்போனார், 1815இல் திரும்பி வந்தன. வெளியே நிற்பவை நகல்கள். அசலைப் பார்க்க மாடி அருங்காட்சியகத்துக்குத் தனிச் சீட்டு. ஆலயத்தின் மூலையில் செங்கருங்கல்லில் கட்டித் தழுவி நிற்கும் நான்கு ஆட்சியாளர்களைப் பார்க்கக் காசு வேண்டாம். அவர்களில் ஒருவருடைய காலின் உடைந்த பகுதி இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது; ஒட்டுப்போட்ட பாதத்தின் நிறம் வேறாக இருப்பதைக் கவனியுங்கள்.

கடைசி நாள் காலை பழைய கப்பல் கட்டும் தளமான அர்செனாலேயின் வாசலுக்குப் போங்கள், கூட்டம் இருக்காது. வாசலில் உட்கார்ந்திருக்கும் பெரிய பளிங்குச் சிங்கம் ஏதென்ஸின் பிரேயஸ் துறைமுகத்திலிருந்து 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் எடுத்துவந்தது. அதன் தோள்களில் ஸ்காண்டிநேவிய வீரர்கள் 11ஆம் நூற்றாண்டில் கீறிய, அவர்களின் பழைய எழுத்தான ரூன் எழுத்துகள் உண்டு, நன்றாகத் தேய்ந்துவிட்டன. சாய்ந்த வெயிலில்தான் கண்ணுக்குப் படும். அங்கிருந்து படகில் ரயில் நிலையத்துக்கு முக்கால் மணி நேரமாவது வைத்துக்கொள்ளுங்கள்.